நிலா அறையின் கதவைத் திறந்தது நான்தான்

கரகந்தா
நவம்பர் 14

அன்பு மகள் ஜனாருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் லக்சம்பர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே முழங்கால் வரை பனி, அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கூடி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துப் பேசுவாய், அதனால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன், உன் அலுவலகத்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் முழுவதும் படித்துவிடு.

நிலாவில் சுரங்கம் தோண்டப் போகிறவர்கள் தங்குவதற்கு நீ வரைந்த அந்த மூடிய அறையை எங்கள் பழைய நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்கி, நாலு பேரை உள்ளே விட்டுப் பத்து நாளைக்குப் பூட்டினார்கள். இருபத்தாறு வருஷம் சுரங்க மீட்புப் படையில் இருந்தவன் என்று என்னை வெளியே காவலுக்கு வைத்தார்கள். உள்ளே இருந்த எர்ஜான் தினமும் மைக்கில் என் மீசையைக் கிண்டல் செய்வான். ஆறாம் நாள் மதியம் தூங்கி எழுந்தவன் கிண்டல் செய்யவில்லை, தலை கனக்கிறது என்றான், கிழமை கேட்டால் யோசித்தான். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பச் சொன்னேன், எழுப்பினாலும் எழவில்லை என்றான். கெட்ட காற்றில் ஆள் எப்படிப் பேசுவான் என்று எனக்குத் தெரியும் கண்ணு. சோதனை அதிகாரி பெக்போலாத் திரையைக் காட்டி, எண்கள் சரியாகத்தானே இருக்கின்றன என்றார். காற்றை அளக்கிற கருவி கதவுப் பக்கம், ஆட்கள் படுத்திருப்பது உள்மூலையில் என்றேன். அவர் மேலிடத்தைக் கேட்கப் போனார், நான் கடப்பாறையால் கதவின் முத்திரையை உடைத்துத் திறந்துவிட்டேன்.

இரண்டு பேரைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் இப்போது எழுந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். நிலா மண் மாதிரி இருக்கட்டும் என்று அறைக்குள் கொண்டுபோன பொடி, படுக்கைப் பக்கத்து விசிறியின் வடிகட்டியில் மாவுபோல அடைத்திருந்தது, அவர்கள் விட்ட மூச்சு அந்த மூலையிலேயே தேங்கிவிட்டது. பெக்போலாத்துக்குக் கோபம். "நிலாவுல வந்து கதவத் திறக்க யாரு இருக்கா, பெரியவரே?" என்று கேட்டார். "யாரும் இல்லைன்னுதான் இங்கயே திறந்தேன்" என்றேன்.

கிழவர் அவசரப்பட்டதால் சோதனை நின்றது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார், போடவில்லை. கருவி வைத்த இடம் தப்பு, அந்த இடத்தைக் குறித்தது என் மகள் என்று நானே எழுதிக் கொடுத்தேன். பெற்ற பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே என்று கேட்ட அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே எழுந்து சொல்லிவிடு. ஒவ்வொரு படுக்கைக்கும் தலைமாட்டில் ஒரு கருவி வை, இன்னொரு விசிறி போடு.

நிலாவில் மனுஷன் பிழைப்பானா என்று எனக்குத் தெரியாது. எழுநூறு மீட்டர் ஆழத்தில் பிழைக்க முடியாது என்றார்கள், நான் அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். அதனால் போகாதே என்று சொல்ல மாட்டேன். அடுத்த முப்பது நாள் சோதனைக்கு நீயே பெயர் கொடுத்திருப்பதை எர்ஜான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது, நீயே சொல்லு. தேதி முடிவானதும் எனக்கு எழுது. யார் தடுத்தாலும் வந்து அந்த முப்பது நாளும் வெளியே உட்கார்ந்திருப்பேன், தினமும் என்னோடு பேச வேண்டும், கோபமிருந்தால் திட்டிக்கொண்டாவது பேசு.

நல்ல மூச்சோடு நீ நீடூழி வாழ வேண்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள் அம்மா, போட்டுக்கொள்.

உன் அப்பா,
தௌலெத்