விழுந்தவன் அடிக்கக் கூடாது

மார்ச் 2, சனி. ஓபர்ஹவுசன், ஜெர்மனி

ரொட்டி வாங்கப் போனேன். கடைக்காரி ஷ்லூட்டர் பையை நீட்டும்போதே, "என்ன இங்கோல்ஃப், கோல் கம்பத்த எவனாவது நகத்தி வெச்சுட்டானா?" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். காரில் வந்து உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

நாட்டுக்காக நாற்பத்தேழு கோல். பதினோரு வருஷம். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. ஜூனில் உலகக் கோப்பை. பட்டியலில் என் பெயர் இல்லையென்றால் இத்தோடு சரி. முப்பத்துமூன்று வயதுக்காரனை அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 25, திங்கள். பயிற்சி முகாம்

என் இடத்துக்கு வரப்போகிறவனையே என் அறையில் போட்டிருக்கிறார் ட்ரெய்னர் லோமையர். என்ன கொழுப்பு! டோர்பென் க்வாஸ்ட், இருபத்திரண்டு வயது. பல் தேய்த்துக்கொண்டே, "பெருசு, நீங்க பேசவே மாட்டீங்களா?" என்கிறான். நல்ல பையன். அதுதான் எரிச்சல்.

மார்ச் 27, புதன்

எழுதவே கை வரவில்லை. டென்மார்க்கோடு 0–0. எண்பதாவது நிமிஷம், கோலுக்கு முன்னால் என்னைத் தள்ளிவிட்டான் அவர்கள் ஆள். பெனால்டி. தள்ளப்பட்டு விழுந்தவன் அந்தப் பெனால்டியைத் தானே அடிக்கக் கூடாது — ஆறு வயதில் முதல் கிளப்பில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்தில் இல்லை, வழக்கம்தான்; ஆனால் இந்த நாட்டில் பந்தை உதைக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? டோர்பென் பந்தை வைத்திருந்தான். பிடுங்கிக்கொண்டேன். ஆமாம், பிடுங்கினேன்!

கம்பத்துக்கு மேலே போய்விட்டது. பார்வையாளர்களில் இரண்டாவது வரிசையிலிருந்த ஒருவர் பிடித்தார். அவருக்குக் கைதட்டினார்கள்.

மார்ச் 28, வியாழன்

பத்திரிகையில் எனக்கு மதிப்பெண்: ஆறு. ஒன்றுதான் முதல் தரம், ஆறு கடைசி. பள்ளிக்கூடத்தில், கணக்குப் பாடத்தில்கூட நான் ஐந்துக்குக் கீழே போனதில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ட்ரெய்னர் போன் செய்தார். "புதன்கிழமை ஆட்டம்தான் கடைசி. ஒரு கோல் போடு, உன் பேர எழுதிடறேன். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுப்பா."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கெசீனே கேட்டாள், "என்னவாம் லோமையருக்கு?" "சும்மாதான்" என்றேன். கல்யாணமாகிப் பத்து வருஷம். என் சும்மாவை அவள் நம்பியதே இல்லை.

ஏப்ரல் 24, புதன்

எழுபதாவது நிமிஷம். மறுபடியும் என்னைத் தள்ளினார்கள். மறுபடியும் பெனால்டி. கடவுளே, வேண்டுமென்றே செய்கிறாயா?

டோர்பென் பந்தை என் பக்கம் நீட்டினான். "பெருசு, நீங்களே அடிங்க. எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேன்."

நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றேன். அவன் அடித்தான். கோல். 1–0. அரங்கம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் பெயரை அல்ல, என் பெயரை!

ஏப்ரல் 25, வியாழன்

மதிப்பெண் இரண்டு. "தன் வாழ்வா சாவா நேரத்திலும் அணிக்காக விட்டுக்கொடுத்தவர்" என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பத்திரிகையை மடித்துக் குப்பைக் கூடையில் திணித்தேன்.

விட்டுக்கொடுத்தேனா? பொய். பயந்தேன். முழங்காலுக்குக் கீழே கால் என்னுடையதாகவே இல்லை. விழுந்தவன் அடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது, அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஐயோ, அவ்வளவுதான்.

மே 10, வெள்ளி

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ட்ரெய்னரே சொன்னார்: "கோல் போடலதான். ஆனா அன்னிக்கு நீ நின்ன பாரு, அப்படி ஒருத்தன் எனக்கு வேணும்." கெசீனே கேக் வாங்கி வந்தாள். நான் சாப்பிட்டேன். மண் மாதிரி இருந்தது.

மே 12, ஞாயிறு

போன் செய்தேன். சொல்லிவிட்டேன். "ட்ரெய்னர், அது தியாகம் இல்ல. எனக்குக் கால் நடுங்கிச்சு. கோல் கம்பத்தப் பாத்தாலே நடுங்குது. என்னை எடுத்துடுங்க."

 "தொடைல அடின்னு சொல்லிக்கலாமா?" என்றார். சரி என்றேன். கெசீனேயிடமும் தொடை என்றே சொன்னேன்.

ஜூன் 15, சனி

உலகக் கோப்பை. முதல் ஆட்டம். கெசீனே வெந்த உருளைக்கிழங்கைச் சூடாகவே சாலட்டுக்குக் கலந்துகொண்டிருந்தாள், டிவி ஓடியது. ரொட்டி வாங்கப் போனபோது ஷ்லூட்டர்கூடக் கேட்டாள், "தொடை எப்படிப்பா இருக்கு?" என்று. தேவலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

முப்பதாவது நிமிஷம் டோர்பெனைத் தள்ளினார்கள். பெனால்டி. விழுந்தவன் எழுந்து, யாரிடமும் கேட்காமல் பந்தை எடுத்து வைத்தான். தானே அடித்தான். கோல்! நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

கெசீனே கரண்டியோடு வந்து நின்றாள். அப்போதுதான் சொன்னேன். "தொடைக்கு ஒண்ணுமில்ல, கெசீனே. அன்னிக்கு நான் பயந்துட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"டிவில பாத்தேன். பந்தை விட்டதும் கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னியே. நம்ம கல்யாணத்துலயும் அப்படித்தான் நின்ன. உக்காரு, சாலட் சூடா இருக்கும்போதே சாப்பிடு."