கம்பெனி சாமான்

ஜனவரி 8, திங்கள்

பல் வலி. கிராம்பு கடித்தேன். பேத்தி நிக்கோல் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற ஓட்டத்தில் ஆபீஸில் கொடுத்த டைரியை என் மடியில் போட்டாள். "ஆயா, யாரு இன்னா சொன்னாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே, இதுல எழுது" என்றாள். நாலாவது வரைதான் படித்தேன். தினமும் பைபிள் வாசிக்கிறவளுக்கு எழுத வராதா?

சாயங்காலம். என் மகன் கிளமெண்ட் லாரியை மோதிவிட்டான். பேத்தமங்களாவிலிருந்து தக்காளி ஏற்றி வரும்போது, பனியில் முன்னால் நின்ற டிப்பர் தெரியவில்லையாம். வலது கையில் மாவுக்கட்டு. உயிர் இருக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். லாரியின் மூஞ்சி உள்ளே போய்விட்டது. இந்த வீட்டுச் சோறே அந்த லாரிதான்.

ஜனவரி 9

லாரியை எங்கே விட்டிருக்கிறான் தெரியுமா? ஆண்டர்சன்பேட்டையில், பாபு ஷெட்டில். காத்தவராயன் மகன் பாபு! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ம்மா, நம்ம ஊர்ல அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா டிங்கரிங் பண்றான்" என்கிறான் கிளமெண்ட்.

காத்தவராயனும் என் வீட்டுக்காரர் பர்னபாஸும் கோலார் தங்கச் சுரங்கத்தில் ஒரே கேஜில், அந்தக் கம்பிக்கூண்டு லிப்டில், இறங்கி ஒரே கேஜில் ஏறியவர்கள். ஒரு நாள் ஷிப்ட் விட்டு வரும்போது கேட்டில் சோதனை. இவர் கோட்டுப் பையில் ஒரு பித்தளைத் துண்டு. வாட்ச்மேன் அதைத் தூக்கிப் பிடித்து, "கம்பெனி சாமான்! கம்பெனி சாமான்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். எப்படி வந்தது என்று தெரியாது என்றார் இவர். ஒருத்தரும் நம்பவில்லை. வேலையை நிறுத்தி வைத்தார்கள். திரும்ப எடுத்த பிறகும் மனுஷன் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. அன்றைக்கு லைனில் இவருக்குப் பின்னால் ஒட்டி நின்றவன் காத்தவராயன். வேறு யார் போட்டிருப்பார்கள்? அவன் செத்த அன்றைக்கும் நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஜனவரி 10

தக்காளி மண்டிக்காரர் போன் செய்தார். மாசக் கடைசி வரை பார்ப்பாராம். அப்புறம் லோடு மேக்ஸ்வெல் வண்டிக்குப் போய்விடுமாம். அந்த மேக்ஸ்வெல் கல்யாணத்தில் எங்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். பிரியாணியில் கறி இல்லை. மறந்துவிடுவேன் என்று நினைத்தார்களா?

ஜனவரி 12, வெள்ளி

ஷெட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானேதான் போனேன்.

பாபு லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, "வாங்க ஆயா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காரவில்லை. கழற்றிப் போட்ட பழைய பம்பர் அப்பளம் மாதிரி மடங்கிக் கிடந்தது. அவன் கிளமெண்டைத் தள்ளிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினான். என் பல்தான் போயிற்று, காது போகவில்லை.

"அண்ணா, வெளி சாமான் வேணாம். சீக்கிரம் துரு ஏறிடும். கம்பெனி சாமானே போட்டுறலாம். ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

கம்பெனி சாமான். அதுவும் அந்த வீட்டு வாயிலிருந்து.

சுரங்கத்தை மூடினாலும் உள்ளே கிடக்கிற இரும்பை இன்றைக்கும் அறுத்துக்கொண்டு போகிறார்கள், போலீஸும் பிடிக்கிறது. அந்த இரும்பில் பம்பர் அடித்து என் பிள்ளை லாரியில் மாட்டப் போகிறான். அப்பனுக்குப் பித்தளை, மகனுக்கு இரும்பு. பிடித்தால் யாரைப் பிடிப்பார்கள்? லாரிக்காரனைத்தானே?

ஜனவரி 13

சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏண்டா, கம்பெனி சாமானா போடறான்?"

"ஆமாம்மா. அதான் கெட்டி."

"மாட்டிக்கினா?"

"இன்னாத்துக்கு மாட்டறது? இன்சூரன்ஸ்காரங்களே அதான் போடச் சொல்றாங்க."

இன்சூரன்ஸ்காரனுமா கூட்டு! அதைவிட, என் வயிற்றில் பிறந்தவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறான். அப்பா எப்படித் தலை குனிந்தார் என்று பார்த்து வளர்ந்தவன்தானே இவன்? மருமகள் ஷைலாவுக்குத் தெரியுமா? கேட்கவில்லை. அவளிடம் கேட்டால் அவள் அம்மாவுக்குத் தெரியும், அப்புறம் ராபர்ட்சன்பேட்டை முழுக்கத் தெரியும்.

ஜனவரி 16

பொங்கலுக்கு ஷெட் மூடியிருக்கிறது. யோசித்துவிட்டேன். ஷெட்டுக்கு எதிரே லவினா இட்லிக் கடை. நாளையிலிருந்து அங்கேதான் உட்காரப் போகிறேன். இரும்பைக் கொண்டு வருகிறவன் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஜனவரி 17

இட்லி கல். இரும்பு வரவில்லை.

ஜனவரி 18

லவினா கேட்கிறாள்: "இன்னா ஐடாம்மா, அந்தப் பக்கமே பாத்துக்கினு கீறீங்க? பாபுவுக்குப் பொண்ணு கிண்ணு பாக்கறீங்களா?"

"ஜெயில் பாக்கறேன்" என்றேன். சிரிக்கிறாள்.

ஜனவரி 19, வெள்ளி

வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஆட்டோவில் நீளமான அட்டைப் பெட்டி, டேப் சுற்றி. திருட்டு இரும்புக்குப் பெட்டி எதற்கு? மறைக்கத்தான். பாபு அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்த பிறகுதான் பிரித்து மாட்ட வேண்டுமாம். அவர் சரி சொல்லாவிட்டால் ரிப்பேருக்கு ஒன்றும் வராது. கையிலிருந்து போட எங்களால் ஆகாது.

சர்வேயர் என்றால் எங்களுக்குத் தெரியாதா? சுரங்கத்தில் எங்கள் ஆட்கள் உடைத்த பாறையை அளந்து குறைத்து எழுதினவர்கள்தானே.

அவன் பூட்டுகிற வரை பெஞ்சிலேயே இருந்தேன். பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

சர்ச்சில் ஐயர் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. யார் போய் இவரிடம் சொன்னார்கள்? வரும் வழியில் பூட்டைப் பார்த்தேன். இருக்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

கோலாரிலிருந்து சர்வேயர் சிவகுமார் வந்தார். கிளமெண்ட் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"சார், நான் லாரிக்காரன் அம்மா. எம் புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்க. இவன் போடறது கம்பெனி சாமான்."

"நல்லதும்மா. அதான் போடணும்."

"கம்பெனி சாமான் சார்!"

"கேட்டுச்சும்மா. வெளி சாமான் போட்டாத்தான் எங்களுக்குத் தகராறு."

"இன்னா சார் நீங்களும்! கம்பெனிய மூடிட்டா யார் வேணா எடுத்துக்கலாமா?"

அவர் பயந்துபோய், "மூடிட்டாங்களா? லாரி கம்பெனியையா? எப்போ?" என்றார்.

கிளமெண்ட் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான். பாபு சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சார், எங்க ஊர்ல கம்பெனின்னா ஒண்ணுதான். மைன்ஸ். ஆயா அத சொல்றாங்க" என்றான். பிறகு என்னிடம், "ஆயா, இது லாரி செஞ்சவங்களே குடுக்கற பம்பர். எங்க தொழில்ல கம்பெனி சாமான்னா அசல்னு அர்த்தம்."

அசல்.

இதற்கா அந்தக் கல் இட்லியைத் தின்றேன்?

சர்வேயர் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். பம்பரைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் தேடினார். சிரிப்பு போய்விட்டது.

"முத்திரை எங்கே? பெட்டிதான் கம்பெனி. உள்ள இருக்கறது டூப்ளிகேட். அசலை எடுத்து எங்கப்பா வித்தே?"

பாபு குனிந்து தானும் முத்திரையைத் தேடினான். "சார்... இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்."

கேட்டில் என் வீட்டுக்காரர் சொன்னதும் இதேதான். இதே குரல்.

காத்தவராயன் மகன், எல்லார் முன்னாலும், கையும் களவுமாக. இதைப் பார்க்கத்தானே இத்தனை வருஷம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்? நான் சும்மா நின்றால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

"இவன் மாத்தல சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பெட்டி வந்ததுலேர்ந்து அந்தக் கடையில உக்காந்து பாத்துக்கினு கீறேன். திருடுவான்னுதான் பாத்தேன். டேப்பக்கூட தொடல. லவினாவ கேளுங்க."

லவினா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "ஆமா சார்! எழுந்தே போகல இந்தம்மா. எம் பெஞ்சு தேஞ்சு போச்சு!"

சர்வேயர் யோசித்தார். முத்திரை உள்ள பம்பர் வந்தால் போட்டோ அனுப்பச் சொன்னார். வராவிட்டால் சரி சொல்ல மாட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் கிளமெண்ட், "இனிமே ஷெட் பக்கம் வராதம்மா" என்றான். நான் போகாவிட்டால் யார் காவல் பார்ப்பது?

ஜனவரி 24

பாபுவோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். அவன் வேண்டாம் என்றான். அவன் யார் வேண்டாம் என்று சொல்ல?

கடைக்காரன் நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. "நான் குடுத்தப்ப அசல்தான். உங்க மெக்கானிக்கதான் கேக்கணும் பெரியம்மா" என்றான். பாபு சண்டைக்குப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கடைப் படியில் உட்கார்ந்தேன். வருகிறவர்களிடமெல்லாம், "பெட்டியப் பிரிச்சுப் பாத்து வாங்குங்கப்பா" என்றேன். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒருத்தர் பிரித்துப் பார்த்தார். இன்னொருத்தர் வாங்காமலே போனார்.

சாப்பாட்டு வேளைக்குள் கோடவுனிலிருந்து வேறு பெட்டி வந்தது. முத்திரையை நானே விரலால் தடவிப் பார்த்தேன்.

ஜனவரி 27

சர்வேயர் சரி சொல்லிவிட்டார். பம்பர் மாட்டிப் பெயிண்ட் அடித்திருக்கிறான். இடது பக்கம் நீலம் வெளிறியிருந்தது. சொன்னேன். முறைத்தான். திரும்ப அடித்தான்.

ஜனவரி 31, புதன்

மாசக் கடைசி. லாரி இருக்கிறது, ஓட்டக் கை இல்லை. கிளமெண்டுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. பாபு வந்து, "கட்டு பிரிக்கற வரைக்கும் விடிகாலையில நான் ஓட்டறேன்ணா, அப்புறம் ஷெட்ட தொறந்துக்கறேன்" என்றான். லைசென்ஸைக் கேட்டேன். காட்டினான். தேதியையும் பார்த்தேன். பிறகு நானும் ஏறி உட்கார்ந்தேன். நம்பிக்கை இல்லை, காவல்.

பேத்தமங்களா ஏரி தெரியும் வரை அவன் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் கேட்டுவிட்டேன்.

"உங்கப்பன் அன்னிக்கு எங்க ஊட்டுக்காரர் பையில பித்தளைய போட்டானாடா?"

வண்டியை மெதுவாக்கினான். கேட்டில் நடந்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

"தெரியாது ஆயா. அவர் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

என் வாயை அடைக்க இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே இறங்கியிருப்பேன்.

மண்டியில் மேக்ஸ்வெல் வண்டி முன்னாடியே வந்து நின்றது. மண்டிக்காரர் எங்கள் லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெட்டிகளை எங்கள் பக்கம் கொண்டுவரச் சொன்னார். நாளைக்கும் லோடு உண்டு.

இரண்டு பேருக்குச் சோறு கட்டி வை என்று ஷைலாவிடம் சொன்னேன். "இன்னொருத்தர் யாரு அத்தே?" என்கிறாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். இவள் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும்.