இருபது நிமிடக் கப்பலில் ஒரு மேசை

ஹெல்சிங்போர்க்
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள தோர்கெல்,

உன் குறுஞ்செய்தி கிடைத்தது. செப்டம்பர் ஆறாம் தேதி, சனிக்கிழமை, தோர்தேயையும் அவள் அப்பா அம்மாவையும் எங்கள் கரைக்கு அழைத்து வருவதாகவும், சாப்பிட நல்ல இடங்களாக நான்கைந்து சொல்லும்படியும் கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு வரி: "அப்பா போகாத இடமா இருக்கணும்." நீ முதலில் எழுத நினைத்ததே அந்த வரிதான் என்று எனக்குத் தோன்றியது.

தொலைபேசியில் மூன்று முறை பதில் எழுதி அழித்துவிட்டேன். தபாலில் போட்டால் கடலைத் தாண்டி உன்னிடம் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் கப்பலில் பரிமாறும் குன்வோரிடம் இதைக் கொடுத்து உன் வீட்டுக் கதவில் போடச் சொல்லப்போகிறேன். அப்பாவோடு கப்பல் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவள். உனக்கு நினைவிருக்கும்.

அப்பாவைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். எனவே சாப்பிடும் இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நூலகத்துக்குப் பின்புறம் ஒரு மதிய உணவுக் கடை இருக்கிறது. பதினொன்றரைக்கெல்லாம் வரிசை சேர்ந்துவிடும். ரொட்டி, காய்கறி, காப்பி எல்லாம் ஒரே விலைக்குள். வியாழக்கிழமைகளில் பட்டாணி சூப்பும் அப்பமும். உன் விருந்தாளிகளுக்கு அது மிகவும் சாதாரணமாகப் படலாம். நான் தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன், ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. ஏப்ரலிலிருந்து அதே புத்தகம். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மதியச் சாப்பாட்டோடு என் வேலை நேரம் முடிந்துவிடும். பிப்ரவரியிலிருந்து எனக்கு அரை நாள்தான் வேலை. மீதி நாள் காரோட்டுகிறேன்.

ரோ மீன்பிடித் துறைமுகத்தில் அந்தப் பழைய மீன் கடை இன்னும் இருக்கிறது. வெண்ணெயில் பொரித்த தட்டை மீன். அப்பா அங்கே இரண்டு முறை தட்டைத் திருப்பி அனுப்பியதும், மூன்றாம் முறை அவரே உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்ததும், நாம் இரண்டு பேரும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளப் பார்த்ததும் உனக்கு மறந்திருக்காது. மே மாதம் அவரை அங்கே கூட்டிப் போனேன். மீன் ஓரமெல்லாம் கருகியிருந்தது. எனக்கே தெரிந்தது. இப்போது என்ன நடக்கப் போகிறதோ என்று நான் குனிந்துகொண்டேன். பரிமாறிய பெண் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். "தொண்டைக்குக் கதிர் வச்சதிலேர்ந்து எதுவும் தெரியல. நனைஞ்ச அட்டைப்பெட்டிய மெல்லுற மாதிரி இருக்கு. இதுல நான் யாரைக் குறை சொல்ல?"

ஆக, சொல்லிவிட்டேன். முப்பத்து மூன்று நாள் கதிர்ச் சிகிச்சை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போகும்போது வானொலி கேட்போம், வரும்போது கேட்க மாட்டோம். ஜூலையில் ஊரே விடுமுறையில் போய், பாதிக் கடைகள் கதவில் காகிதம் ஒட்டிவிட்டுப் போன நாட்களில், கட்டி திரும்ப வந்திருக்கிறது என்று சொன்னார்கள்.

வடக்குத் துறைமுகத்தில், படகுகள் கட்டும் இடத்தை ஒட்டி, கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் இடம் இருக்கிறது. உணவு சிறிய சிறிய தட்டுகளில் வரும், ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்வார்கள். தோர்தேயின் அம்மாவுக்குப் பிடிக்கும். சனிக்கிழமைக்கு இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால் உன் பெயரில் நான்கு பேருக்குச் சொல்லி வைத்துவிட்டேன், ஏழு மணிக்கு. அப்பாவைச் சந்தித்துவிடுவோமோ என்று பயப்படாதே. ஆறாம் தேதி அவர் எந்த உணவகத்திலும் இருக்க மாட்டார். செப்டம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை காலை, அவருக்கு அறுவைச் சிகிச்சை. குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பிறகு குழாய் வழியாக ஆகாரம். வாயால் சாப்பிடுவது எப்போது என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கு ஏதோ கருவி பழக்குவார்களாம். அது அவர் குரலாக இருக்காது.

நீ கேட்டதற்கு என் பதில் இதோடு முடிந்தது. இனி எழுதுவது நீ கேட்காதது.

உன் கல்யாண விருந்தில் தோர்தேயின் அப்பா அக்செல் தன் கையால் சமைத்த மீனைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில், "இந்த மீன் ரெண்டாவது தடவை செத்திருக்கு" என்று நம் அப்பா சொன்னதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அக்செல் எழுந்து சமையலறைக்குள் போனார். அவர் முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இனிமே என் வீட்டுல கை நனைக்காதீங்க" என்று நீ சொன்னதும் நியாயம்தான். ஆறு வருடம் ஆகிவிட்டது. நான்கு கிலோமீட்டர் தண்ணீர். அதன் இரண்டு பக்கமும் மாறி மாறிச் செய்தி சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. உன்மேல் கோபப்படக்கூட இப்போது தெம்பில்லை.

ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஆறு வருடமும், வியாழக்கிழமை தவறாமல், அவர் கப்பலில் ஏறி இறங்காமல் போய்ப் போய் வருகிறார். எங்கள் ஊரார் எல்லோரும் செய்வதுதான். ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, சாப்பிட்டு முடியும் வரை. நம்மையும் அம்மா பிறந்தநாள்களுக்கு அப்படித்தான் கூட்டிப் போவார். சிகிச்சைக்குப் பிறகு தனியாக விட முடியாமல் நானும் போக ஆரம்பித்தேன். எப்போதும் ஒரே மேசை. உங்கள் கரையில் ஆட்கள் ஏறும் பாலம் அங்கிருந்து நேராகத் தெரியும். வெளிச்சத்துக்காக என்கிறார். எதிர் நாற்காலியில் தொப்பியை வைத்துவிடுவார். யாராவது உட்காரலாமா என்று கேட்டால் "ஆள் வருது" என்பார். குன்வோர் விட மாட்டாள். "ஆறு வருஷமா வந்துக்கிட்டே இருக்கு உங்க ஆளு. நடந்தே வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும்." அவர் சிரிப்பார். கப்பல் உங்கள் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் இறால் ரொட்டியில் கை வைப்பார்.

சென்ற வியாழன் உங்கள் பாலத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் குரல் இப்போதே காற்று மாதிரிதான். பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "அன்னிக்கு அந்த மீன் நல்லாத்தான் இருந்துச்சு, சிக்னே."

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எதிர் நாற்காலியில் இருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். "இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன். என் பையன் கல்யாணத்துக்கு என்னை யாரும் சமைக்கக் கேக்கல."

நீயும் நானும் அவரைக் கேட்க நினைக்கவேயில்லை, தோர்கெல். ஒரு நாளாவது ஓய்வாக உட்காரட்டும் என்றுதான் விட்டோம். அவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் வீட்டில் எதைத்தான் யார் சொன்னோம்? உப்பு எடு, ரொட்டி எடு என்பதைத் தவிர.

அதை உன்னிடம் அவரே சொல்ல வேண்டும். அதற்கு அவருக்குக் குரல் வேண்டும். மிச்சமிருப்பது வரும் வியாழன் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள்.

இருபத்தெட்டாம் தேதி, வியாழன், ஒரு மணிக்கு நாங்கள் ஏறுகிறோம். குன்வோர் வேலை செய்யும் கப்பல். ஒன்று இருபதுக்கு உங்கள் கரைக்கு வரும். மறுபடி இரண்டு இருபதுக்கு, மறுபடி மூன்று இருபதுக்கு. மூன்று முறை. ஏதாவது ஒன்றில் ஏறு. எங்கள் கரையில் நீ இறங்க வேண்டாம், வீட்டுக்கு வர வேண்டாம். நீ அவர் வீட்டிலும் இருக்க மாட்டாய், அவர் உன் வீட்டிலும் இருக்க மாட்டார். பிடிக்காவிட்டால் அதே கப்பல் உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடும். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நீ வராவிட்டால் அவருக்கு அது இன்னொரு வியாழக்கிழமையாகவே போகட்டும்.

மன்னிப்பு, விளக்கம் எதற்கும் தயாராகி வராதே. தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார். அவர் உனக்கு இறால் ரொட்டி சொல்வார். சாப்பிட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல். அவரால் இப்போது ருசி பார்க்க முடியாது, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். எலுமிச்சை போதவில்லை, ரொட்டி நேற்றையது என்று ஏதாவது குறை கண்டுபிடி. சந்தோஷப்படுவார்.

தோர்தேக்கு என் அன்பு. அக்செலுக்கு என் வணக்கம். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வீட்டில் சாப்பிடாதே. பசியோடு வா.

உன் தங்கை
சிக்னே