இருபத்தைந்தாவது ஆட்டம்

2008 மார்ச் 15, சனி

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். இந்தக் கால்பந்து சீசனில் எனக்கு இது இருபத்து நான்காவது ஆட்டம். இன்னும் ஒன்றே ஒன்று ஆடிவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ஒரு வருடம் நீளும். கடைசி நிமிடத்தில் இறங்கினாலும் கணக்குதான். வீட்டுக்கு வந்ததும் மனைவி கிரான்யாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அயர்லாந்தை விட்டு வந்து பதினாறு வருடம், ஒன்பது கிளப். மகள் ஈமருக்கு இது நாலாவது பள்ளி. இங்கேதான் முதன்முதலாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

பயிற்சி முடிந்ததும் மானேஜர் ரே என் தோளில் கை போட்டான். அவன் ஆடிய காலத்தில் நானும் அவனும் ஒரே அறையில் தங்கியவர்கள்.

"மூட்டு வீங்கியிருக்கு பேடி. இந்த சனிக்கிழமை உக்காரு. இன்னும் ஏழு ஆட்டம் கிடக்கு, எங்க ஓடிப்போகப் போகுது?"

சரி என்றேன். மூட்டு நிஜமாகவே வலித்தது.

ஏப்ரல் 5, சனி

பெஞ்சில்கூட இல்லை.

ஏப்ரல் 12, சனி

இன்றும் இல்லை. மூட்டு சரியாகிவிட்டது என்று ரேயிடம் போய்ச் சொன்னேன். தெரியும் என்றான். அவ்வளவுதான்.

கிரான்யாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அவன் உக்காருன்னா உக்காந்துடுவியா? நீ கேக்கவே இல்லையா, ஏன்னு?"

கேட்கவில்லை.

மே 3, சனி

கடைசி ஆட்டம். இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு, வேறு வழியில்லாமல் என்னை பெஞ்சில் சேர்த்தார்கள். கிரான்யாவும் ஈமரும் பார்க்க வந்திருந்தார்கள். எழுபதாவது நிமிடத்தில் ரே உடம்பைச் சூடாக்கச் சொன்னான். கோட்டோரமாக ஓடினேன், ஓடினேன், ஓடிக்கொண்டே இருந்தேன்.

எண்பத்தைந்தில் எங்கள் இடது தடுப்பாட்டக்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். என் இடம். பதினாறு வருடமாக நான் ஆடுகிற இடம். ரே என்னைத் தாண்டிப் போய் மாற்று கோல்கீப்பரைக் கூப்பிட்டான்.

கோல்கீப்பரை!

கோல்கீப்பர் சட்டை வேறு நிறம்; மற்றவர்கள் போடும் சட்டை அவனிடம் இல்லை. என்னுடையதைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஏன்டா குடுத்த? மூவாயிரம் பேர் சிரிச்சாங்களே, பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாளே, ஏன்டா கழட்டிக் குடுத்த?

காரில் ஈமர், "குளிரலையாப்பா?" என்று கேட்டாள்.

ஜூன் 18, புதன்

எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. ரே போன் செய்தான். நான் இருபத்தைந்தாவது ஆட்டம் ஆடக் கூடாது என்பது கிளப் மேலிடத்து உத்தரவாம், தன்னால் என்ன செய்ய முடியும் என்றான். பிறகு, உதவிப் பயிற்சியாளராக வருகிறாயா என்று கேட்டான்.

கிரான்யா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

ஈமர் அதே பள்ளிக்குப் போகலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2009 மார்ச் 19, வியாழன்

வேல்ஸ்காரன் எம்லினுக்கு முப்பத்து நாலு வயது, மனைவி நிறைமாதம். போன சனிக்கிழமையோடு இருபத்து நான்கு ஆட்டம் முடித்துவிட்டான். ஒப்பந்தத்தில் அவனுக்கும் அதே இருபத்தைந்துதான். காலையில் ரே எம்லினைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

பயிற்சி முடிந்ததும் எம்லின் தோளில் கை போட்டேன். மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"லேசா வலிக்குது. வேற யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன்."

இந்த சனிக்கிழமை உட்காரச் சொன்னேன். நன்றி சொன்னான்.

சாயங்காலம் ஈமரும் அவள் தோழியும் வீட்டில் கேக் செய்தார்கள். ஒரு துண்டு சாப்பிட்டேன்.