அரி பெயரில் போன டியூப்

பிரம்மதேசம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கலைப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் குரல் நடுங்குகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நீங்கள் செய்து வைத்திருக்கும் டிஎன்ஏ துண்டு, கத்தரிபோல ஆர்என்ஏவை ஒரே ஒரு இடத்தில் வெட்டும். அந்த இடத்தில் ஏதாவது ரசாயனம் ஒட்டியிருந்தால் வெட்டாது. வெட்டினால் சோதனையில் இரண்டு கோடு தெரியும், வெட்டாவிட்டால் ஒன்று. அம்மாவுடைய ரத்தத்தில் இரண்டு, அண்ணன் அரியுடையதில் ஒன்று என்றாய். இது ஆராய்ச்சிதான், நோய் என்று முடிவு கட்டக் கூடாது, ஆனால் சில ரத்த நோயாளிகளிடம் இப்படிப் பார்த்திருக்கிறோம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னாய். அன்றிலிருந்து அரி சாப்பிடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. உன் அண்ணி அஸ்வினிக்கு இது ஐந்தாம் மாதம். நேற்று மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆயும்போது அவனையே பார்த்து நின்றிருக்கிறேன். "இன்னாப்பா, வேலைய வுட்டுட்டு என்னையே பாத்துக்கினு கீற, நான் இன்னா சினிமாவா" என்றான். அப்போதுதான் உறைத்தது. உன் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்கத் திண்டிவனத்திலிருந்து ஆள் வந்த அன்று அரி மரக்காணத்தில் இருந்தான். அவன் ரத்தமே கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். நான் ரத்தம் கொடுத்துவிட்டுக் கழனிக்குப் போன பிறகு, என் டியூபில் எழுத யார் பெயர் என்று அந்த ஆள் கேட்டாராம். முப்பத்தைந்து வருஷமாக என் பெயரைச் சொல்லாதவள் அன்று மட்டும் சொல்வாளா? "அரி அப்பாதுன்னுதான் சொன்னேன், அந்தாளு அரின்னு எழுதிக்கினு ஜல்தியா பூட்டாரு" என்கிறாள். ஊசிக்குப் பயந்து நான் நழுவிவிட்டதாக நீ நினைத்திருப்பாய். அந்த ஒற்றைக் கோடு என்னுடையது, கண்ணு. பிள்ளைக்கு இல்லை என்றதும் அப்படியே உட்கார்ந்து மூச்சு விட்டேன். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாலு மாதமாக வரப்பு ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயசு என்று விட்டிருந்தேன், உன்னிடமும் சொல்லவில்லை.

இன்று காலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். பெயர் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அரசப்பன்னு எழுதுப்பா. அரசப்பன். எழுதினத எங்கிட்ட காட்டு" என்றாள். அவள் வாயிலிருந்து என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை வரை வண்டி ஏறாதே. அரியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அந்த டியூபில் அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அரசப்பன்