ஓரத்துக் குழி

பாப்பாவோட அம்மாவுக்கு,

ஓவன் அணைய இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள எழுதிடணும். நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போன இந்தப் பத்து நாள்ல, முட்டையில கேரட்டும் கீரையும் கலந்து உன் ஆறு குழித் தட்டுல ஊத்தி நாலு தடவை வேகவெச்சுட்டேன். காலை அவசரத்துக்கு வேற வழியில்ல.

இப்பதான் எட்டிப் பார்த்துட்டு வந்தேன். நல்லா உப்பியிருக்கு.

எடுக்கும்போதுதான் வம்பு. எவ்வளவு எண்ணெய் தடவினாலும் ஒரு பக்கத்து ஓரத்துக் குழி ரெண்டுலயும் அடி பிடிச்சுக்குது. நேத்து முழுசா வந்ததைப் பாப்பாவுக்கு வெச்சுட்டு, பிஞ்சதை நின்னுக்கிட்டே கரண்டியால சுரண்டித் தின்னேன். பன்னெண்டு வருஷத்துல நீ எனக்குப் பரிமாறின தட்டுல ஒருநாள்கூடப் பிஞ்சது விழுந்ததில்லைன்னு அப்பதான் உறைச்சுது. "ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட மாட்டியா, என்ன பெரிய அலட்டல்?"னு நீ கிளம்பின அன்னிக்கு நான் கத்தினேனே.

மணி அடிச்சிருச்சு.

எடுத்துட்டேன். நாலு முழுசா வந்திருக்கு. அதுல ரெண்டு உனக்கு, ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன். இந்த லெட்டரைப் பாப்பா ஸ்கூல் விட்டதும் கொண்டுவந்து கொடுப்பா. முட்டை மூணு நாளைக்குக் கெடாது.

சாப்பாட்டு மேஜைகிட்ட உன் நாற்காலி மேல எப்பவும் கிடக்கிற துணியெல்லாம் மடிச்சு உள்ள வெச்சுட்டேன்.

பாப்பாவோட அப்பா