வெள்ளியில் செய்த விமானம்

சேசு மரி சூசை

பெரம்பலூர், 12-8-1948

அன்பு மகன் அடைக்கலசாமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் சுகம், பூனையும் சுகம், வீட்டில் அவ்வளவு பேர்தான். உன் சுகத்தோடு உன் விமானத்தின் சுகத்தையும் சேர்த்து எழுது. முதல் தடவை தரையில் பட்டுத் தவளைபோல் குதித்தது, போன வாரம் தரை வருமுன்பே நீ மூக்கைத் தூக்கிவிட்டதால் பொத்தென்று விழுந்து சக்கரம் ஒடிந்தது, இன்னொரு தடவை இப்படி இறக்கினால் ஊருக்கு ரயிலேற்றிவிடுவேன் என்று உன் விமானப் பள்ளி வாத்தியார் சொன்னது, எல்லாம் படித்தேன். உன்மேல் தப்பில்லை, குடும்ப வாகு. எனக்கு இன்றைக்கும் சைக்கிளில் ஏறத்தான் தெரியும், இறங்க மைல்கல் வேண்டும். எதிர்வீட்டுக் கமலவேணி, பையன் திரும்பி வந்துட்டா மருமக வந்து உங்களுக்கும் ஒரு வாய் சோறாக்கிப் போடுவால்ல என்கிறாள். கேட்கும்போது கசக்கவில்லை, அதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது.

அதனால் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். கால் வலித்தால் வெள்ளிக் கால், மாடு நொண்டினால் வெள்ளி மாடு வைக்கிற இடத்தில் வெள்ளி விமானம் வைக்கலாமே என்று அரியலூர் வைரக்கண்ணு பத்தரிடம் சொன்னேன். அவர் விமானத்தைப் பக்கத்தில் பார்த்ததில்லை, நானும்தான். சக்கரம் ஒடிந்த கதையைக் கேட்டதும் மனுஷர் இரக்கப்பட்டுக் காலைக் கெட்டியாக வைத்துவிட்டார், விரல்களோடு. ஏலாக்குறிச்சியில் காணிக்கை வாங்கிவைக்கிற கோயில்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோழிக்கு என்ன நோவுங்க?" என்றார். "நல்லாத்தான் பறக்குதுங்க, எறங்கத்தான் தடுமாறுது" என்றேன். கோழிகளோடு வைத்துவிட்டார்.

சிரித்துக்கொண்டே முழங்காலிட்டவனுக்கு வேண்டுதலைச் சொல்ல வாய் வரவில்லை சாமி. நீ தேற வேண்டும் என்று கேட்டால் நீ இங்கே வரப்போவதில்லை. தேறக்கூடாது என்று கேட்டால் நீ விழுந்துதானே தோற்க வேண்டும். உன் அம்மா இருந்திருந்தால் எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எங்கே இறங்கினாலும் பிள்ளை முழுசாக இறங்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

தரையைக் கண்டு பதறாதே, அது எங்கும் ஓடிவிடாது. எண்ணெய் தேய்த்துக் குளி. மாதா துணையிருக்க, உனக்கு என் ஆசீர். ஒன்றை மட்டும் மறக்காதே. தேறினாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி, தந்தி கொடுக்காதே, கார்டு போடு. தந்திக்காரர் வாசலில் வந்து நின்றால், பயப்படாதீங்க, நல்ல சேதிதான் என்று பிரித்துப் படித்துச் சொல்ல இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சவரிமுத்து